அட்டையின் மூலையில் ஒரு கிறுக்கல்

இதழ் நாளைக் காலை அச்சுக்குப் போயாக வேண்டும். மெய்ப்பு பார்த்தாயிற்று, பக்கங்கள் கட்டியாயிற்று, அட்டை மட்டும் இல்லை. படம் தருவதாகச் சொன்ன ஓவியர் போனை எடுக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஆசிரியர், படம் உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைத் திறந்து, ‘மழையில் நனையும் பழைய கடிதங்கள், நீல நிறம், எண்ணெய் வண்ண ஓவியம்’ என்று தட்டுகிறார். அரை நிமிடத்தில் நான்கு படங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று உண்மையிலேயே அழகாக இருக்கிறது. கீழே வலது மூலையில் ஓவியர் கையொப்பம் போல ஒரு கிறுக்கல் மட்டும் உறுத்துகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அதில் எந்த மொழியின் எழுத்தும் இல்லை. ஆசிரியர் அந்த மூலையை வெட்டிவிட்டு அட்டையை அனுப்பிவிடுகிறார்.

இதழ் வந்த மறுநாள் சண்டை ஆரம்பிக்கும். ‘பச்சைத் திருட்டு’ என்பார் ஓர் ஓவியர். ‘கேமரா வந்தபோதும் இப்படித்தான் கூச்சல் போட்டார்கள், இதுவும் ஒரு கருவிதானே’ என்பார் இன்னொருவர். ‘படம் நன்றாக இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்’ என்பார் மூன்றாமவர். மூவரும் பேசுவது மூன்று வேறு விஷயங்களை. சில சிறு இதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுத்தவன் என்ற முறையில் இந்தச் சண்டைக்கு நடுவே நானும் நின்றிருக்கிறேன். அதில் எனக்குக் கிடைத்த லாபம், வெட்டி எறிந்த அந்தக் கிறுக்கல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஆரம்பித்ததுதான்.

உள்ளே படங்கள் இல்லை

பலரும் நினைப்பது இப்படி: இயந்திரத்துக்குள் கோடிக்கணக்கான ஓவியங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, நாம் கேட்டதும் ஒன்றின் வானத்தையும் இன்னொன்றின் முகத்தையும் வெட்டி ஒட்டித் தருகிறது. இது தவறு.

கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய கடிதங்களைப் பல வருடம் படித்தவருக்கு, அவர் ‘ழ’வின் வாலை எப்படி இழுப்பார், வரி முடிகிற இடத்தில் எழுத்துகளை எப்படி நெருக்குவார் என்பதெல்லாம் பழகிவிடும். கடிதங்களை எல்லாம் எரித்த பிறகும், அவர் எழுதவே எழுதாத ஒரு வாக்கியத்தை அவர் கையெழுத்தில் எழுதிக் காட்ட முடியும். கடிதங்கள் போய்விட்டன, அவை உண்டாக்கிய பழக்கம் தங்கிவிட்டது. படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக்குள் தங்கியிருப்பதும் இத்தகைய பழக்கம்தான். அந்தப் பழக்கத்தை எண்களாகச் சேமித்து வைத்திருக்கும் கோப்புக்கு மாடல் என்று பெயர். பழக்கம் உண்டாவதற்காகக் காட்டப்பட்ட படங்களும் அவற்றின் விவரிப்புகளும் பயிற்சித் தரவு.

நம்ப முடியவில்லை என்றால் ஒரு வகுத்தல் கணக்குப் போடலாம். 2022 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடலின் கோப்பு சுமார் 4 ஜிபி. அதன் பயிற்சி தொடங்கிய, ஆங்கில விவரிப்புகளோடு கூடிய படத் தொகுப்பில் ஏறத்தாழ 230 கோடிப் படங்கள் இருந்தன. வகுத்தால் ஒரு படத்துக்கு 2 பைட்கூடத் தேறாது. யூனிகோடில் ‘அ’ என்ற ஒற்றைத் தமிழ் எழுத்தைச் சேமிக்கவே வழக்கமாக 3 பைட் ஆகிறது. ஓர் ஓவியத்துக்கு ஓர் எழுத்தளவு இடம்கூட ஒதுக்க முடியாத பெட்டிக்குள் அத்தனை ஓவியங்களும் ஒளிந்திருக்க வழியில்லை. விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சுவரின் ஈரக்கறை

மழைக்காலத்தில் சுவரில் பரவிய ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தால் அதில் ஏதாவது உருவம் தெரியும். பக்கத்தில் இருப்பவர் ‘குதிரை’ என்று சொல்லிவிட்டால் குதிரைதான் தெரியும். ‘கிழவி’ என்று சொல்லியிருந்தால் அதே கறையில் கிழவி தெரிந்திருப்பாள். இப்போது கையில் ஒரு ரப்பரும் பென்சிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு ஒட்டாத புள்ளிகளைக் கொஞ்சம் அழிக்கிறோம், ஒட்டுகிற இடத்தைக் கொஞ்சம் அழுத்துகிறோம். தள்ளி நின்று பார்த்தால் குதிரை முன்னைவிடத் தெளிவு. மறுபடி கொஞ்சம். இப்படி இருபது முப்பது தடவை செய்தால் கறை போய் குதிரை நிற்கும்.

இயந்திரம் செய்வது இதைத்தான். பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு முடிந்ததும் தெரியுமே புள்ளிக் குப்பை, அது மாதிரி ஒரு குப்பையில் தொடங்கி, நாம் சொன்ன உருவம் தெரியும் வரை படிப்படியாகத் துடைக்கிறது. இந்த முறைக்கு டிஃப்யூஷன் என்று பெயர். நாம் தட்டும் வார்த்தைகள் பிராம்ப்ட். ‘குதிரை’ என்று காதில் சொன்ன பக்கத்துக்காரர் வேலையை அது பார்க்கிறது.

துடைக்கக் கற்றது எப்படி? பயிற்சியில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு நிஜ ஓவியத்தை எடுத்து, அதன்மேல் புள்ளிக் குப்பையைத் தூவி, ‘இதில் குப்பை எது என்று சொல்’ என்று கேட்கிறார்கள். தப்பாகச் சொன்னால் உள்ளிருக்கும் எண்கள் இம்மியளவு திருத்தப்படுகின்றன. அடுத்த படம். அடுத்த படம். கோடிக்கணக்கான முறை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: இயந்திரத்திடம் படங்கள் இல்லை, பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கம் நிஜ மனிதர்களின் படங்களைக் குப்பையிலிருந்து மீட்டுப் பார்த்து வந்தது. அவர்கள் வரையாமல் இருந்திருந்தால் துடைப்பதற்கு எந்தக் குதிரையும் தெரிந்திருக்காது.

அப்படியானால் அந்தக் கிறுக்கல்?

எண்ணெய் வண்ண ஓவியங்களில் கணிசமானவற்றில் கீழ் மூலையில் கையொப்பம் இருக்கும். கையொப்பம் என்றால் என்ன, எதற்காகப் போடுகிறார்கள் என்பதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது. ‘ஓவியம்’ என்று சொன்னால் அந்த மூலையில் நெளிநெளியாக ஏதோ இருக்கும் என்று மட்டும் பழகியிருக்கிறது. அதனால் வானத்துக்கு நீலம் போடுவது போல மூலைக்கு ஒரு நெளிவு போட்டுவிடுகிறது. அது யாருடைய பெயரும் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் ‘இது நான் வரைந்தது’ என்று சொன்ன இடத்தில் எஞ்சிய தழும்பு அது. நம் ஆசிரியர் வெட்டியது அதைத்தான். அவர் யாருடைய கையொப்பத்தையும் அழிக்கவில்லை என்பதும் சரி, எல்லோருடைய கையொப்பத்தையும் அழித்தார் என்பதும் சரி. இந்த இரட்டை நிலை புரியாததால்தான் ‘திருட்டு’ என்பவரும் ‘கருவி’ என்பவரும் ஆளுக்குப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

இதே நெளிவு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கெட்டி இமேஜஸ் என்ற புகைப்பட நிறுவனம் தன் படங்களின்மேல் பதிக்கும் அடையாளக் குறி, அதாவது வாட்டர்மார்க், சிதைந்த வடிவில், ஸ்டேபிள் டிஃப்யூஷன் தந்த சில படங்களில் தலைகாட்டியது. லண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாடல் படங்களைச் சேமித்து வைக்கவில்லை, ஆகவே மாடலையே சட்டவிரோதப் பிரதி என்று சொல்ல முடியாது என்றது. வாட்டர்மார்க் விஷயத்தில் மட்டும், குறுகிய அளவில், வணிக முத்திரை மீறல் நடந்ததாக ஏற்றது. படங்களைப் பயிற்சிக்கு எடுத்தது சரியா என்ற பெரிய கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. அந்தக் குற்றச்சாட்டை கெட்டி விசாரணையின் நடுவிலேயே கைவிட்டிருந்தது.

முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான்: இணையத்தில் ஒரே படம் நூற்றுக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப இருந்தால், இயந்திரம் அதை மனப்பாடம் செய்துவிடக்கூடும். 2023 ஜனவரியில் சில ஆய்வாளர்கள், தொகுப்பில் மிக அதிகமாகத் திரும்ப வந்த 3,50,000 படங்களை வைத்துச் சோதித்தார்கள். நூறு சொச்சம் படங்கள் அப்படியே அச்சு அசலாக வெளியே வந்தன. விகிதம் சிறியது. ஆனால் உங்கள் அட்டைக்கு வந்து விழுந்தது அந்த நூறில் ஒன்றா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அச்சுக்கு அனுப்புமுன் படத்தை வைத்தே இணையத்தில் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

கேட்டிருக்கலாமே

லயான் என்ற ஜெர்மானிய லாபநோக்கற்ற அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பில் 585 கோடி வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒரு படத்தின் இணைய முகவரியும் அதற்கான விவரிப்பும். முன்பு சொன்ன 230 கோடியும் இதில் அடக்கம். படத்தை வரைந்தவர் யாரிடமும் கேட்கவில்லை. 585 கோடிப் பேரிடம் எப்படிக் கேட்பது என்பார்கள். ஒரு வேலையை அனுமதி கேட்க முடியாத அளவுக்குப் பெரிதாக்கியதே கேட்காமல் இருப்பதற்கு நியாயமாகிவிடுமா என்ன?

இங்கே வழக்கமாக ஒரு நல்ல எதிர்வாதம் வரும். ‘ஓவிய மாணவரும் மற்றவர் படங்களைப் பார்த்துத்தானே கற்கிறார்? அவர் அனுமதி கேட்டாரா?’ இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. பாணி யாருக்கும் சொந்தமில்லை என்பது பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஊறிய கொள்கை, நல்ல கொள்கையும்கூட. பாணிக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தால் ஓவிய வரலாறே நின்றுபோயிருக்கும்.

ஆனால் மறுபடி கையெழுத்துக்கு வருவோம். என் கையெழுத்து என் நண்பருக்குப் பழகியிருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதே நண்பர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என் கையெழுத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தால் வருத்தப்படுவேன். பழகியது இரண்டிலும் ஒன்றேதான். ஒருவர் இன்னொருவரின் பாணியைப் பிடிக்க வருடங்கள் ஆன காலத்தில் எழுதப்பட்ட விதி, அரை நிமிடத்தில் பிடிக்கிற காலத்திலும் அதே எடையைத் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கிக்கு இதுதான் நடந்தது. டிராகன்களும் போர்க்களங்களும் வரைகிறவர். 2022-இல் அவர் பெயரைப் பிராம்ப்டில் சேர்த்தால் படம் கம்பீரமாக வருகிறது என்று பரவி, பல்லாயிரம் பிராம்ப்டுகளில் அவர் பெயர் ஏறியது. இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்கள் வந்து நின்றன. இதில் ஒரு கொடுமை: தன் படங்களை ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் விவரிப்பு எழுதும் நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது. பார்வையற்றவர்களுக்கு உதவும் அந்த வரிகளே இயந்திரத்துக்குப் பாடக் குறிப்பாகவும் அமைந்தன.

வழக்குகள் நடக்கின்றன. கலிஃபோர்னியாவில் மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் தொடுத்த வழக்கில், பதிப்புரிமைக் குற்றச்சாட்டைத் தொடர்ந்து விசாரிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அனுமதித்தார். உரிமம் பெற்ற படங்களை வைத்து மாடல் கட்டுவோம் என்று இறங்கியவர்களும் உண்டு. அடோபி நிறுவனத்தின் ஃபயர்ஃப்ளை 2023-இல் அப்படித்தான் வந்தது. அதன் பயிற்சித் தரவில் சுமார் 5 சதவீதம் மற்ற இயந்திரங்கள் உருவாக்கிய படங்கள் என்று மறு வருடமே செய்தி வந்தது. சுத்தமான தண்ணீர் என்று எழுதிய குழாயிலும் மேலே எங்கோ கலந்திருக்கிறது.

அட்டை யாருடையது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில், பிராம்ப்ட் மட்டும் கொடுத்துப் பெற்ற படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. 2023-இல் ஒரு படக்கதை நூலின் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை கொடுத்த அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம், அதிலிருந்த இயந்திரப் படங்களுக்கு மறுத்துவிட்டது. அதே வருடம் நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் வேறொரு வழக்கில் அப்படிப்பட்ட படத்துக்கு உரிமை உண்டு என்றது. ஆக, அட்டையை இன்னொருவர் எடுத்துச் சட்டையில் அச்சடித்து விற்றால் நீங்கள் தடுக்க முடியுமா என்பது எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இதுவரை மூன்று கேள்விகள் பிரிந்திருக்கின்றன: உள்ளே போனது எப்படிப் போனது, வெளியே வருவது யாரையாவது பிரதி எடுக்கிறதா, வந்தது யாருக்குச் சொந்தம். இவை எல்லா வெளியீட்டாளருக்கும் பொது. அடுத்தது சிற்றிதழுக்கே உரியது.

சிற்றிதழின் தனிச் சங்கடம்

2022 ஜூனிலேயே காஸ்மோபாலிடன், எகானமிஸ்ட் என்ற பெரிய இதழ்கள் இரண்டும் இயந்திரம் உருவாக்கிய அட்டையோடு வந்தன. அவர்களுக்கு அது ஒரு செய்தி, ஒரு வித்தை. ஓவியர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாததால் செய்ததல்ல. சிற்றிதழில் நிலைமை வேறு. அங்கே ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை, எழுத்தாளருக்குச் சன்மானம் பெயரளவுக்கு, மெய்ப்பு பார்ப்பவருக்கு ஒரு நன்றி. இத்தனை பேரும் எதற்காக உழைக்கிறார்கள் என்றால், மனிதர் கைப்பட எழுதியதை இன்னொரு மனிதர் அக்கறையோடு படிக்கும் இடம் இது என்ற நம்பிக்கைக்காக.

2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அறிவியல் புனைவு இதழ், இயந்திரத்தில் எழுதிய கதைகள் அந்த ஒரே மாதத்தில் 500 அளவுக்கு வந்து குவிந்ததால், கதை வாங்குவதையே சில வாரம் நிறுத்தியது. அதன் பிறகு பல இதழ்கள் ‘இயந்திரம் எழுதிய படைப்புகளை ஏற்பதில்லை’ என்று விதிமுறையில் போட்டுவிட்டன. நல்லது. அப்படிப் போட்ட இதழே அட்டையை இயந்திரத்திடம் வாங்கினால்? எழுத்தாளரிடம் ‘உன் கைதான் வேண்டும்’ என்றும் ஓவியரிடம் ‘உன் கை தேவையில்லை’ என்றும் ஒரே பக்கத்தில் சொன்னதாகிறது. இதை ஓர் ஆசிரியரிடம் கேட்டேன். ‘கதைதான் சார் இலக்கியம், படம் அலங்காரம்தானே’ என்றார். விஷயம் முழுவதும் அந்த ‘தானே’வில் இருக்கிறது.

அலங்காரம் இல்லை என்று எனக்குப் புரியவைத்தவர் ஓர் இளம் ஓவியர். ஒரு சிறுகதைக்குக் கோட்டோவியம் கேட்டிருந்தோம். ஒரு பெண் கடிதம் படிக்கும் காட்சி. இரவு போன் செய்து, ‘கடிதத்தை எந்தக் கையில் பிடித்திருக்கிறாள்?’ என்றார். எந்தக் கையாக இருந்தால் என்ன என்றேன். ‘மூன்றாம் பக்கத்தில் வலது கை மணிக்கட்டு வீங்கியிருப்பதாக வருகிறது. கடைசிப் பக்கத்தில் அதே கையால் கதவைத் தள்ளித் திறக்கிறாள். வலிக்காதா?’ எழுத்தாளரிடம் கேட்டோம். அவருக்கே அது தெரியவில்லை. கதவைத் தோளால் தள்ளுவதாக ஒரு வரியை மாற்றினார். அந்த வரியால் கதையின் முடிவு இன்னும் கனத்தது. இயந்திரம் கடிதம் பிடித்த அழகான பெண்ணைக் கொடுத்திருக்கும். மணிக்கட்டைப் பற்றிக் கேட்டிருக்காது.

காசு இல்லை என்றால்

‘எங்களால் ஓவியருக்குக் கொடுக்க முடியவில்லை, அதனால்தான்’ என்ற பதிலை நான் மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஏற்பதில்லை. படம் இல்லாத அட்டை ஒரு குற்றமில்லை. நல்ல எழுத்துரு, ஒரு நிறம், இதழின் பெயர், இவற்றை வைத்தே தலைநிமிர்ந்து நிற்கும் அட்டைகள் செய்ய முடியும். உரிமைக் காலம் முடிந்த படங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகம் பழைய புத்தகங்களிலிருந்து எடுத்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 2013 டிசம்பரில் ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. அவற்றில் ஒன்றைத் தேடி எடுக்க ஒரு மாலை ஆகும். அந்த மாலையும் ஆசிரியர் வேலையில் சேர்த்திதான்.

ஆயத்தப் படங்களை விற்கும் ஸ்டாக் தளங்களில் காசு கொடுத்து வாங்கும்போதும் கண் வேண்டும். 2022 இறுதியில் ஒரு பெரிய பதிப்பகத்தின் நாவல் அட்டையில், அப்படிப்பட்ட தளத்திலிருந்து வாங்கிய படம் இயந்திரம் உருவாக்கியதாக இருக்கலாம் என்று பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. பெரிய தளங்களில் இயந்திரப் படங்களை விலக்கித் தேடும் வசதி இருக்கிறது. ஏற்றியவர் உண்மையைச் சொல்லியிருந்தால்தான் அது உதவும்.

சொல்லிவிடுவது

இத்தனைக்குப் பிறகும் பயன்படுத்துவதென்று முடிவெடுத்தால், உரிமைக் குறிப்புப் பக்கத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். ‘அட்டை வடிவமைப்பு: ஆசிரியர் குழு’ என்று போடுவது பொய்யில்லை, ஆனால் படிக்கிறவர் மனத்தில் ஒரு பொய்யை உண்டாக்குகிறது. ‘அட்டைப்படம்: இன்ன செயலியில் உருவாக்கப்பட்டது’ என்ற ஒரு வரி போதும். அதை எழுதக் கை கூசினால், கூச்சம் எதைப் பற்றியது என்று அச்சுக்கு முன்பே யோசித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கையால் வரைந்த படத்தை ‘இயந்திரம் மாதிரி இருக்கிறது’ என்று சந்தேகித்து, வரைந்தவரையே ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் ஓவியக் குழு ஒன்று வெளியேற்றிய சம்பவம் நடந்திருக்கிறது. படத்தைக் கொடுத்தால் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள்களை நம்பி யாரையும் குற்றம் சாட்ட முடியாது. ஓவியரிடம் முதலிலேயே பென்சில் வரைவையும் நடுக்கட்டப் படத்தையும் சேர்த்து அனுப்பக் கேட்டுவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை; எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டால் யாரும் புண்பட மாட்டார்கள்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. மனித ஓவியர் வரைந்த அட்டையை நாமே இதழின் தளத்தில் முழு அளவில், அவர் பெயரோடும் நல்ல விவரிப்போடும் ஏற்றுகிறோம். அடுத்த தொகுப்புக்குப் படம் திரட்டும் மென்பொருளுக்கு அது வாசலில் வைத்த விருந்து. ‘எடுக்காதே’ என்று தளத்தில் குறிப்பு வைக்கலாம், எல்லோரும் மதிப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கிளேஸ் என்ற இலவச மென்பொருள், பாணியைப் பிடிக்க முடியாதபடி படத்தில் கண்ணுக்கு அதிகம் தெரியாத மாற்றங்களைச் செய்கிறது, ஓரளவு பலன் தரும். இப்போது நான் பக்கம் கட்டும் இதழில் ஓவியருக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ‘இணையத்தில் இந்தப் படத்தை எந்த அளவில் போடலாம்?’ பாதிப் பேர் சின்ன அளவு போதும் என்கிறார்கள். ஒருவர் மட்டும், முழு அளவில் போடுங்கள், மூலையில் கையொப்பம் மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார்.